குணவதிக்குப் போட்ட குறி

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் ஒன்பது துவைகல், ஒன்பது கல்லுக்கு ஒன்பது சலவைக் குடும்பம். முதல் கல்லுக்கு மலையிலிருந்து வருகிற தெளிந்த தண்ணீர் கிடைக்கும். அங்கிருந்து கீழே போகப் போக, மேலே துவைத்தவர்களின் சவுக்காரமும் அழுக்கும் சேர்ந்து வரும். நல்லமுத்துவுக்கு இரண்டாவது கல். அவருடைய மாமனார் பதினெட்டு வருஷம் முதுகை ஒடித்துப் பிடித்த இடம் அது. அவர் மகள் சின்னம்மாவைக் கட்டியபோது சீதனமாக வந்தது. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டுமானால் முதல் கல்லில் இருந்த பக்கிரிசாமி சாக வேண்டும். பக்கிரிசாமிதான் துறைக்குத் தலைவர். அறுபது வயதிலும் அவர் சாகிற மாதிரித் தெரியவில்லை.

நல்லமுத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தலையணை உறையின் மூலையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தக் கட்டிலில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். எல்லாம் குறிதான். சேங்கொட்டைப் பாலைத் தொட்டுத் துணியின் கழுத்துப் பட்டியிலோ ஓரத்திலோ புள்ளியும் கோடுமாக வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு குறி. துணி கிழிந்தாலும் குறி போகாது. தன் சட்டைக் கழுத்தில் இப்படி ஒன்று இருப்பது பாதி வெள்ளைக்காரத் துவான்மார்களுக்குச் சாகும்வரை தெரியாது.

அவருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. குணவதி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னது யார் என்று பிற்பாடு விசாரித்தபோது ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

குணவதி மூன்று வயது முடிந்துதான் நடந்தாள். நடந்த மறுநாள் ஓடினாள், அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் குடி முழுகிப்போகும் என்பது போல எந்நேரமும் ஓட்டம். சோறு ஊட்டுவதென்றால் சின்னம்மாவும் கூடவே ஓட வேண்டும். ஆறு வயதில் அவளிடம் நாலு சொல் இருந்தது: ம்மா, தா, ப்பா, கோ. காக்கை, டிராம் வண்டி, பக்கிரிசாமி மூன்றுக்கும் 'கோ'தான்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பூசாரி மந்திரித்துக் கட்டிய கயிற்றை அவள் தின்றுவிட்டாள். பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்த தண்ணீரைப் பூனைக்கு ஊற்றினாள். பூனை நன்றாக இருந்தது. சீன வைத்தியர் ஒருவர் கொடுத்த பொடியில் மூன்று நாள் தூங்கினாள். விழித்ததும் அந்த மூன்று நாளுக்கும் சேர்த்து ஓடினாள். கழுதைப் பாலுக்கு நல்லமுத்து தீவு முழுக்க அலைந்தார். பினாங்கில் சலவைக்காரர்கள் துணியைக் கைவண்டியில் தள்ளுகிறவர்கள். கழுதை எங்கே இருக்கும்?

அந்த மார்கழியில் கடற்கரையோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் படுக்கை விரிப்புகள் நாற்பது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கொடிக் கயிறு போதாமல் பாதியைப் புல்லில் விரித்திருந்தார்கள். முதல் நாள் மழை. குணவதி சேற்றில் இறங்கி, விரிப்புகளின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள். அதோடு விட்டிருந்தால் பத்து விரிப்போடு போயிருக்கும். திரும்பியும் வந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய துணி. ஒன்பது குடும்பமும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு மறுபடி வெள்ளாவி வைத்தது.

சாயங்காலம் பக்கிரிசாமி கூட்டம் போட்டார்.

"தம்பி, நான் கெட்டவன் இல்ல. ஆனா இது பெரிய சூசா லா, பெரிய தொல்லை. நேத்து உன் துணி, இன்னைக்கு என் துணி. நாளைக்கு ஹோட்டல்காரன் சீனன்கிட்ட போயிட்டா ஒம்பது வீடும் எதைத் திங்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் பக்கிரிசாமியே மேலே பேசினார்.

"நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கோயில் இருக்கு. இந்த மாதிரி புள்ளைங்கள மண்டபத்துத் தூணுல சங்கிலி போட்டு வைப்பாங்க. அடங்கிடும். என் தம்பி சுப்பையா தை மாசக் கப்பல்ல நாகப்பட்டணம் போறான். அவன் கொண்டுபோய் விட்டுடுவான்."

"அடங்கலன்னா?" என்றார் நல்லமுத்து.

"அடங்குற வரைக்கும் இருக்கும்."

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. கப்பலுக்கு இன்னும் இருபது நாள். அதற்குள் குணவதியால் ஒரு வம்பும் வராவிட்டால் அவள் இங்கேயே இருக்கலாம். வந்தால் கப்பல் ஏற வேண்டும். ஏற்ற மனசில்லை என்றால் நல்லமுத்து இரண்டாவது கல்லை விட்டுவிட வேண்டும். பெண் அல்லது கல். எட்டுக் குடும்பமும் தலையாட்டியது. அவர்களுக்கும் இடுப்பு வலி.

மறுநாள் காலை நல்லமுத்து கொடிக் கயிறு ஒன்றை எடுத்து, மகளின் இடுப்பில் ஒரு முனையையும் தென்னை மரத்தில் ஒரு முனையையும் கட்டிவிட்டுத் துவைக்கப் போனார். அவள் மரத்தைச் சுற்றி ஓடினாள். ஓட ஓடக் கயிறு மரத்தில் சுற்றிக்கொண்டு குறைந்தது. கடைசியில் கன்னம் மரத்தில் அழுந்த நின்றுவிட்டாள். அழவில்லை. கல்லில் நின்றபடி நல்லமுத்து அதைப் பார்த்தார். ஒரு மேசைத் துணியைக் கையில் பிடித்திருந்தார், ஓங்கி அடிக்கக் கை வரவில்லை. போய் அவிழ்த்துவிட்டார்.

"கட்டித்தான் வைக்கணும்னா எதுக்குடி கப்பல்? இங்கயே கட்டிப்புடலாமே," என்றார் பெண்டாட்டியிடம்.

"ஏன் அவுத்தீங்க?" என்றாள் சின்னம்மா. "நான் இப்பத்தான் ரெண்டு வாய் சோறு தின்னேன்."

அதுவும் நியாயம்தான். மகள் ஓடத் தொடங்கிய மூன்று வருஷமாக அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். வேறு யோசனை எதுவும் இல்லாததால்தான். கறை எடுப்பது அவருக்குத் தெரிந்த வித்தை. மஞ்சள் கறைக்கு வெயில், இரும்புக் கறைக்கு எலுமிச்சம்பழம் என்று யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மகளிடமும் அப்படியே போட்டுப் பார்த்தார். திட்டிப் பார்த்தார், வெயிலில் காய்ந்த துணிக்கு மேலும் வெயில் காட்டிய கதைதான். ஐந்தாம் நாள் வண்டியில் இடமில்லாமல் ஈரத் துண்டு மூட்டை ஒன்றை அவள் தலையில் வைத்தார். குணவதி நடந்தாள். மூட்டையை இறக்கினார், ஓடினாள். மறுபடி ஏற்றினார், நடந்தாள். அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் பூசாரிக்குக் கொடுத்ததை நினைத்து அவருக்குக் கோபம் வந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. "இதை எடுத்துக்கிட்டுப் போய் அங்க வச்சுட்டு வா" என்றால் ஒன்றும் நடக்காது. எடுப்பாள், எடுத்ததை எங்கேயோ விடுவாள், அவளும் எங்கேயோ போய்விடுவாள். மோவாயைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண் பார்க்கிற வரை காத்திருந்து, ஒரே ஒரு சொல் சொன்னால் காதில் ஏறியது. "எடு." பிறகு "வை." பிறகு "வா." வருகிறபோதெல்லாம் நாலு பொரிகடலை. நாளைக்கு நூறு தரம் சொன்னார். முதலில் பத்துக்கு ஒருமுறை வந்தாள். பத்து நாளில் பத்துக்கு நாலு. துறையில் சிரித்தார்கள். பக்கிரிசாமியின் சேவலுக்கும் பொரிகடலை போட்டு "வா" என்றார்கள். சேவல் முதல் தடவையே வந்தது.

இருந்தாலும் அவள் தப்பி ஓடினால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு இருந்தது. பேரும் ஊரும் சொல்லத் தெரியாத பெண். நல்லமுத்து தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதினார். ஒரு வட்டம், அதன் கீழே ஒரு பெருக்கல். எந்த வீட்டுக்கும் இல்லாத குறி. குணவதியின் இரண்டு சட்டையிலும் கழுத்தில் வைத்தார். தீவில் இருந்த சலவைக்காரர்கள் அத்தனை பேரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஜெலுத்தோங்கில் இருந்த ஜெயராஜிடமும் சொன்னார்: "பேசாத புள்ளை ஒண்ணு ஓடிட்டு வந்தா கழுத்தைப் பாரு தம்பி. குறி எந்த வீடோ அங்க சேத்துடு."

"சரிண்ணே," என்றான் ஜெயராஜ். அவன் சொன்னதைச் செய்கிறவன்.

பதினேழாம் நாள் தைப்பூசம். அதுவரை ஒரு வம்பும் இல்லை. சின்னம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. மூன்று நாளில் கப்பல். என்ன ஆகுமோ, ஒரு திருநாளாவது பிள்ளையை நாலு பேர் பார்க்கிற மாதிரிக் கூட்டிப் போக வேண்டும். இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணியில் சரிகைப் பின்னல் வைத்த வெள்ளைக் கவுன் ஒன்று இருந்தது. சூலியா ஸ்திரீட்டில் கடை வைத்திருந்த சீனி முகம்மது மரைக்காயர் வீட்டுப் பேத்தியுடையது. வியாழக்கிழமைதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெளுத்த துணி வீட்டுக்குப் போகும்வரை சும்மா கிடப்பானேன் என்பது துறையில் எழுதாத சட்டம். கல்யாணம், காட்சி, பூசம் எதுவானாலும் ஒன்பது வீடும் ஊரார் துணியில்தான் மினுக்கும். போட்டுக்கொண்டு போவார்கள், அலசி மடித்துக் கொடுத்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. சின்னம்மா மகளின் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கவுனை மாட்டினாள்.

தண்ணீர்மலைக் கோயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். காவடி ஒன்று வந்தது, உறுமி அடித்தார்கள். நல்லமுத்து குனிந்து பார்த்தபோது பக்கத்தில் மகள் இல்லை.

நண்பகலிலிருந்து தேடினார். பந்தல் பந்தலாகப் போனார், மோர் கொடுக்கிற இடத்தில் கேட்டார், ஓடைக்குள் இறங்கிப் பார்த்தார். சின்னம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். "வா, வா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டியது. யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நாலு மணிக்கு எதிரே ஜெயராஜ் வந்தான். அவன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனால் பூசத்துக்கு வராத தமிழன் பினாங்கில் கிடையாது.

"அண்ணே, புள்ளையச் சேத்துட்டேன்," என்றான்.

நல்லமுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லா இருப்படா தம்பி. துறையிலயா விட்ட?"

"துறையிலயா? குறி போட்ட வீட்டுல. மேல ரெண்டு புள்ளி, கீழ ஒரு கோடு. மரைக்காயர் வீடு. முன்னால என்கிட்ட இருந்த வீடுதானே, குறியே நான் போட்டது. பின்வாசல்ல கூப்பிட்டுக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"அவ என் மவடா."

"தெரியும்ணே. கழுத்தைத்தான் பாக்கச் சொன்னீங்க, மொகத்தைப் பாக்கச் சொல்லலயே."

சூலியா ஸ்திரீட் போய்ச் சேர்ந்தபோது மரைக்காயர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நல்லமுத்து, நாங்க வெளுக்கப் போட்டது பதினேழு உருப்படி. இது பதினெட்டாவது," என்று சொல்லிவிட்டு உள்ளே கை காட்டினார்.

பின்கட்டில் குணவதி கிணற்றடியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். தலையில் சின்னக் குடம், மேலே சரிகைக் கவுன், கீழே முழங்கால்வரை சேறு. மரைக்காயரின் மனைவி நூர்ஜான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் உடைந்த விளக்குச் சிம்னியும் இரண்டு பீங்கான் தட்டும் ஒரு முறத்தில் கிடந்தன.

"மூணு கோழியையும் திறந்துவிட்டுட்டா," என்றார் நூர்ஜான். "பொறவு குடத்தைக் கொடுத்தேன். முப்பது நடை ஆச்சு. தொட்டி ரொம்பி வழியுது, நிறுத்தத்தான் தெரியல."

நல்லமுத்து கவுனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கணும் அம்மா. வர்ற வெள்ளிக்கிழமை ஊருக்கு அனுப்பிடுவோம். கோயில்ல கட்டி வச்சா அடங்கிடும்னு சொல்றாங்க."

நூர்ஜான் முறத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "என் தம்பி ஹனீபா இப்படித்தான் ஓடுவான்," என்றார். "ஊர்ல ஒரு எடத்துல கொண்டுபோய்ச் சங்கிலி போட்டோம். ரெண்டு வருசம். அடங்கிட்டான்."

"நல்லாயிட்டாருங்களா?"

"சங்கிலிய அவுத்துப் பதினோரு வருசம் ஆச்சு. உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கான். காலு நல்லாத்தான் இருக்கு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கிறான்." பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "கவுனை வியாழக்கிழமை கொடுத்தாப் போதும். சேறு போகணும்."

மறுநாள் காலையே துறையில் கூட்டம். வாடிக்கைக்காரர் வீட்டுத் துணியை மகளுக்குப் போட்டு, அந்த வீட்டு வாசலுக்கே அனுப்பி வைத்த கதை அதற்குள் தீவெல்லாம் பரவியிருந்தது. பக்கிரிசாமி கோபமாக இருந்தார்.

"துறை மானம் போச்சு. ஊரான் துணிய எடுத்துப் போடலாமா? அது திருட்டு இல்லயா?"

நல்லமுத்து தலையைக் குனிந்துதான் நின்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பூசத்துக்கு மறுநாள், எல்லோரும் முதல் நாள் உடுப்பிலேயே வந்திருந்தார்கள்.

"அண்ணே, நீங்க போட்டிருக்கிற சட்டை லைட் ஸ்திரீட் வக்கீலோடது," என்றார். குரலில் கோபம் இல்லை. துணி பிரிக்கிறபோது சொல்வது போலத்தான் சொன்னார். "நாலாவது கல்லு அண்ணன் வேட்டி, பாசார் பக்கத்துல வட்டிக்குக் கொடுக்கிற செட்டியார் கிட்டங்கி. சுப்பையா தம்பி கழுத்துல இருக்கிற துண்டு ஹோட்டலோடது. அக்கா, உங்க ரவிக்கை—"

"போதும்," என்றாள் அந்த அக்கா.

பக்கிரிசாமி கழுத்துப் பட்டியை மெல்ல மடித்துக்கொண்டார்.

"துணிப் பேச்சை விடு," என்றார் பக்கிரிசாமி. "புள்ளையால வம்பு வந்துச்சா, இல்லயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு தட்டும் ஒரு சிம்னியும் கண் முன்னால் இருந்தன. "வந்துச்சு," என்றார் நல்லமுத்து.

"அப்ப முடிவு உன் கையில. புள்ளையா, கல்லான்னு வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்."

வெள்ளிக்கிழமை வந்தது. சின்னம்மா ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தாள். அனுப்பு என்று அவள் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. "அது எங்க அப்பன் கல்லு," என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். நல்லமுத்துவும் ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. நூர்ஜானின் தம்பியை நினைத்தால் அனுப்ப மனசு வரவில்லை. ஆனால் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, கதவுச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் தூங்கினால் எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தார். நினைத்துவிட்டு வெட்கப்பட்டார். மூட்டையை மகள் தலையில் வைத்து, படகுத்துறைவரை நடத்திக்கொண்டு போனார்.

சுப்பையா காத்திருந்தான். நல்லவன், நாலு பிள்ளை பெற்றவன். கப்பல் தூரத்தில் நின்றது, சம்பான் படகு படிக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து குணவதியின் மோவாயைத் தொட்டான். துறையில் இருபது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே. அவள் கண் அவன் முகத்துக்கு வரும்வரை காத்திருந்தான்.

"வா," என்றான்.

குணவதி போனாள். ஓடவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வேறு எங்கும் பார்க்காமல், அவன் பின்னால் இறங்கினாள். இவ்வளவு அழகாக அவள் ஒரு சொல்லுக்கு நடந்து நல்லமுத்து பார்த்ததில்லை. நாலு படி இறங்குகிறவரை அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது படியில்தான் உறைத்தது. யார் வா என்றாலும் இனி அவள் போவாள். சங்கிலியைக் கையில் வைத்திருப்பவனும் முதலில் வா என்றுதான் சொல்வான், அவளும் பொரிகடலைக்குக் கையை நீட்டிக்கொண்டு போவாள். சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

படிகளில் அவர் எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. படகில் வைக்கப் போன காலோடு மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மூட்டை தண்ணீரில் விழுந்தது.

"என்னண்ணே?" என்றான் சுப்பையா.

"கல்லை எடுத்துக்கச் சொல்லு உங்க அண்ணன்கிட்ட."

"நான் கப்பலுக்குல்ல போறேன். எப்படிச் சொல்றது?"

நல்லமுத்து யோசித்தார். "சரி, நானே சொல்லிக்கிறேன். நீ பத்திரமா போயிட்டு வா."

இரண்டாவது கல் பக்கிரிசாமியின் மருமகனுக்குப் போயிற்று. நல்லமுத்து ஒன்பதாவது கல்லுக்கும் கீழே, புதரை வெட்டி, கைவண்டியில் ஒரு கல்லைக் கொண்டுவந்து தானே போட்டார். ஒன்பது குடும்பத்து அழுக்கும் அங்கேதான் வந்து சேரும். மேலே எல்லோரும் துவைத்து முடித்து, தண்ணீர் தெளிந்து, பகல் இரண்டு மணிக்குமேல்தான் அவருடைய வேலை தொடங்கும். துணி ஒரு நாள் தாமதமாகும். மூன்று வீடு கைவிட்டுப் போனது. மரைக்காயர் வீடு போகவில்லை.

சின்னம்மா பதினோரு நாள் அவரோடு பேசவில்லை, அந்தக் கல் பக்கம் வரவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து கரையில் நின்றாள். நல்லமுத்து முழங்கால் தண்ணீரில் நின்று ஒற்றை ஆளாக ஒரு பெரிய விரிப்போடு போராடிக்கொண்டிருந்தார். பத்தாவது கல்லுக்குக் கீழே யாருடைய துணியும் காயவில்லை. ஆறு வளைகிற இடம்வரை வெறும் புல். குணவதி அந்த வளைவுவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள், மறுபடி போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எவ்வளவு நேரமா ஓடுறா?" என்றாள் சின்னம்மா.

"வந்ததிலேருந்து."

அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்து, தன் பங்கு சோற்றை அவசரமில்லாமல் கடைசிப் பருக்கைவரை தின்றாள். கையைக் கழுவிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

"முறுக்குங்க," என்றாள்.